வெர்சாய்க்கு ஒரு நாள்: அரண்மனையைக் கடைசியில் பாருங்கள்

பாரிசுக்கு அருகே பிரெஞ்சு அரசர்களின் அரண்மனை இருக்கும் ஊர் இது. பள்ளிப் பாடத்தில் ‘வெர்செயில்ஸ் உடன்படிக்கை’ என்று படித்த அதே ஊர்தான். பிரெஞ்சுக்காரர் வாயில் அது ‘வெர்சாய்’. ரயில் அறிவிப்பிலும் அப்படித்தான் கேட்கும்.

முதலில் கிழமை. அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை. பாரிசில் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. ஆகவே திங்களன்று வர முடியாதவர்களும், செவ்வாயன்று லூவ்ருக்குப் போக முடியாதவர்களும் ஒரே நாளில் இங்கே வந்து குவிகிறார்கள். செவ்வாயையும் சனி, ஞாயிறையும் தவிர்த்துப் புதன் அல்லது வியாழனைப் பிடியுங்கள். நீரூற்றுகளைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் கணக்கு மாறும், அதைப் பின்னால் சொல்கிறோம்.

டிக்கெட்டை அரண்மனையின் சொந்த இணையதளத்தில் வாங்குங்கள். ‘பாஸ்போர்ட்’ என்ற பெயரில் இருப்பதுதான் முழு டிக்கெட் (கடவுச்சீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). அரண்மனை, திரியானோன் மாளிகைகள், நீரூற்றுகள் இயங்கும் நாட்களில் தோட்டம் எல்லாம் அதில் அடங்கும். வாங்கும்போதே அரண்மனைக்குள் நுழையும் அரைமணி நேர இடைவெளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 18 வயதுக்கு உட்பட்ட எல்லோருக்கும் அரண்மனை இலவசம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வசிப்பவர்களுக்கு இந்தச் சலுகை 26 வயதுக்குள் இருக்கும்வரை உண்டு. பாரிசில் இருக்கும் உறவுக்காரப் பையனுக்குக் கிடைப்பது லண்டனில் இருந்து வரும் 20 வயதுக்காரருக்குக் கிடைக்காது. இலவசமானாலும் நேரப் பதிவு கட்டாயம், இதை மறந்து வந்து வாசலில் நிற்பவர்கள் நிறைய. பல அருங்காட்சியகங்களுக்குப் பொதுவான பாரிஸ் மியூசியம் பாஸ் வைத்திருப்பவர்களும் தனியாக நேரம் பதிய வேண்டும். நீரூற்று நாட்களில் தோட்டத்துக்கு அந்தப் பாஸ் செல்லாது.

பாரிசிலிருந்து தூரம் சுமார் 20 கி.மீ. ஆர்ஈஆர் சி என்ற புறநகர் ரயில் தடத்தில் ‘வெர்சாய் ஷாத்தோ ரிவ் கோஷ்’ கடைசி நிலையம், அங்கிருந்து அரண்மனைக்குப் பத்து நிமிட நடை. இந்தத் தடம் பல கிளைகளாகப் பிரிவதால், நடைமேடைப் பலகையில் ‘வெர்சாய்’ என்ற சொல் தெரிந்ததும் ஏறிவிடாமல் முழுப் பெயரையும் ஒத்துப் பாருங்கள். கோடையில் பராமரிப்பு வேலைக்காக நகரின் நடுப்பகுதியில் சி தடத்தைப் பல வாரம் நிறுத்துவார்கள். அப்போது சேன்-லசாரிலிருந்து எல் தடத்தில் ‘ரிவ் துருவாத்’ வரையோ, மோன்பர்னாசிலிருந்து என் தடத்தில் ‘ஷாந்தியே’ வரையோ போகலாம். இரண்டிலும் இறங்கியபின் ஏறத்தாழ இருபது நிமிடம் நடக்க வேண்டும்.

பயணச்சீட்டை நவிகோ ஈசி அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம். ஓர் அட்டையை இருவர் பகிர முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். ரயிலுக்கு ‘மெட்ரோ-ரயில்-ஆர்ஈஆர்’ சீட்டு. பேருந்து-டிராம் சீட்டு விலை குறைவு என்று அதை ஏற்றினால் ரயில் நிலையக் கதவு திறக்காது.

பெரும்பாலோர் காலை 9 மணிக்கு அரண்மனையில் தொடங்கி, சோர்ந்தபின் தோட்டத்துக்குப் போகிறார்கள். சுற்றுலாப் பேருந்துக் கூட்டமும் அதே நேரம் வரும். கண்ணாடி மண்டபத்தில் அடுத்தவர் தலைதான் தெரியும். நாங்கள் சொல்வது இதைத் தலைகீழாக்குவது.

பத்து மணி வாக்கில் வந்து, அரண்மனைக்குள் நுழையாமல் பக்கவாட்டு வழியாகத் தோட்டத்துக்குப் போங்கள். தோட்ட வடிவமைப்பாளர் ஆந்த்ரே லெ நோத்ர் வகுத்த நேர்கோட்டுப் பாதையில் லத்தோனா, அப்போலோ நீரூற்றுகளைத் தாண்டினால் பெரிய கால்வாய், நீளம் 1.6 கி.மீ.க்கு மேல். வலப்பக்கம் திரும்பித் திரியானோனை 12 மணிக்கு அடையுங்கள், அது திறப்பதே அப்போதுதான். இளஞ்சிவப்புச் சலவைக்கல் பதித்த பெரிய திரியானோன், மன்னர் பதினாறாம் லூயி 1774இல் அரசி மரீ அந்துவானெத்துக்குக் கொடுத்த சிறிய திரியானோன், அரசி ஆசைக்குக் கட்டிய கிராமம் ஆகியவற்றுக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். அரண்மனைக்குத் திரும்ப அரைமணி நேர நடை, ஏற்றம் வேறு. முட்டிவலிக்காரர்கள் குட்டி ரயிலில் வரலாம், அதற்குத் தனிக்கட்டணம்.

அரண்மனைக்கு 3.30 அளவில் பதிந்திருந்தால் குழுக்கள் கலையும் நேரம். இன்னொரு லாபமும் உண்டு. கண்ணாடி மண்டபத்தின் 17 சன்னல்களும் மேற்கே பார்த்தவை. பிற்பகல் வெயில் உள்ளே விழுந்து, எதிர்ச்சுவரில் இருக்கும் 357 கண்ணாடிகளில் பட்டுத் தெறிக்கும். 73 மீட்டர் நீளமுள்ள இந்த மண்டபத்தில்தான் 1871 ஜனவரி 18இல் செர்மானியப் பேரரசு அறிவிக்கப்பட்டது. போரில் தோற்றிருந்த பிரான்சுக்கு அது அவமானம். அதற்குப் பதிலாகவே 1919 ஜூன் 28இல் வெர்செயில்ஸ் உடன்படிக்கைக் கையெழுத்துக்கும் இதே இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. நவம்பர் முதல் மார்ச் வரை அரண்மனை ஒரு மணி நேரம் முன்னதாக, 5.30க்கே மூடும். அப்போது 2.30க்குப் பதியுங்கள்.

நீரூற்றுகள் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, குறிப்பிட்ட நாட்களில், அதிலும் சில மணி நேரம்தான் பாயும். இந்தச் சிக்கனம் புதிதல்ல. பதினான்காம் லூயி காலத்திலேயே தண்ணீர் போதவில்லை. சேன் ஆற்றிலிருந்து நீரேற்ற 14 சக்கரங்களுடன் மார்லி இயந்திரம் 1684இல் ஓடத் தொடங்கியும் பற்றாக்குறை தீரவில்லை. அரசர் நடந்து வரும் திசை பார்த்து ஊழியர்கள் விசிலடித்து ஒவ்வொரு ஊற்றாகத் திறந்து மூடினார்கள். ஆகவே இணையதளத்தில் நீரூற்று நாட்களையும் அன்றைய நேரத்தையும் பார்த்துவிட்டுக் கிழமையையும் நடையையும் திட்டமிடுங்கள்.

55 × 35 × 20 செ.மீ.க்கு மேற்பட்ட பைகளை உள்ளே விடமாட்டார்கள், விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேரே வரவேண்டாம். முன்முற்றம் கல் பாவியது, தோட்டம் சரளை, குதிகால் செருப்பு உதவாது. கட்டுச்சோறு கொண்டுவந்தால் தோட்டத்துக்குள் பிரிக்கக்கூடாது, அதை அடுத்த பூங்காப் பகுதியில் உட்கார்ந்து சாப்பிடலாம். அரண்மனைக்குள் போய் வெளியே வந்துவிட்டால் அதே டிக்கெட்டில் மறுபடி நுழைய முடியாது. கழிவறை, தண்ணீர் எல்லாம் அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.