கண்ணாடிப் பூச்சாடி செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்ணாடி ஊதப் பழகுகிறவர்கள் சீக்கிரமே பூச்சாடியில் கை வைத்துவிடுகிறார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் அதே தவறுகள் திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. எங்கள் தலைமுறையும் செய்தவைதான் அவை. குழாயைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஆறுவதற்குள் மறுபடி சூடேற்ற வேண்டும் என்பதெல்லாம் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது, அவற்றை விட்டுவிடுகிறேன்.

பூவை மறந்துவிட்டு வரைவது

வெற்றுச் சாடியாக வரைந்தால் அகலமான வாய் கம்பீரமாகத் தெரியும். அதில் பூக்களை வைத்துப் பாருங்கள்: தண்டுகள் எல்லாம் விளிம்பில் சாய்ந்து நடுவில் வெறுமையாக இருக்கும். கழுத்து வயிற்றைவிடக் குறுகியிருந்தால்தான் தண்டுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். வரையும்போதே பூவையும் சேர்த்து வரையுங்கள்.

அடியைத் தடிமனாக விட்டு, ஆற்றும்போது அவசரப்படுவது

சாடி சாயக்கூடாது என்று அடியில் கண்ணாடியைத் தாராளமாக விடுவார்கள். அதில் தப்பில்லை, உயரமான தண்டுகளைத் தாங்கப் பாரமான அடி வேண்டும். தப்பு அப்புறம்தான் நடக்கிறது. அந்தச் சாடியை மெல்லிய டம்ளர்களோடு ஒரே சூளையில் வைத்து, டம்ளருக்கான கணக்கிலேயே ஆற்றி எடுத்துவிடுகிறார்கள். வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

உள்ளே நடந்தது வேறு. கண்ணாடி ஊதும் பட்டறைகளில் பயன்படும் சோடா சுண்ணக் கண்ணாடி, சுமார் 500 டிகிரி செல்சியஸில் பார்வைக்குக் கெட்டியாக இருந்தாலும், உள்ளிருக்கும் இறுக்கம் தளரும் அளவுக்கு நெகிழ்வோடு இருக்கும். அந்தச் சூட்டில் போதிய நேரம் நிறுத்தி, பிறகு 370 டிகிரி வரையாவது மெல்ல மெல்ல இறக்க வேண்டும். வேகமாக இறக்கினால் மேற்புறம் முதலில் இறுகிவிடும். அடியின் நடுப்பகுதியில் சூடு இன்னும் இருக்கும். அது பின்னால் ஆறிச் சுருங்கப் பார்க்கும்போது, இறுகிய மேற்புறம் விட்டுக்கொடுக்காது. அந்த இழுபறி சாடிக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் கணக்கை எப்போதும் மிகத் தடிமனான இடத்தை வைத்தே போடுங்கள். தடிமன் இரண்டு மடங்கானால் ஆற்றும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. அடி 2 சென்டிமீட்டர், சுவர் 3 மில்லிமீட்டர் என்றால் சுவரை மறந்துவிடுங்கள்.

எங்கள் பட்டறையில் பழகிய ஒரு பெண், தன் அக்காவுக்காகத் தேன் நிறத்தில் ஒரு சாடி செய்தாள். பழகும் பருவத்தில் அவ்வளவு சீரான கழுத்து எல்லோருக்கும் வாய்க்காது. தனியாக, நீண்ட நேரம் ஆற்றச் சொன்னேன். "டம்ளரோடயே வெச்சிடறேன் சார், நாளைக்கே வேணும்" என்றாள். சில வாரங்கள் கழித்து ஒரு ராத்திரி, யாரும் தொடாமலே அது இரண்டாகிவிட்டது. சுவரும் அடியும் சேரும் இடத்தில், அரிந்து எடுத்த மாதிரி வட்டமான விரிசல். தண்ணீர் மாற்றும்போது தான்தான் எங்கோ இடித்திருக்க வேண்டும் என்று அந்த அக்கா தங்கையிடம் மன்னிப்புக் கேட்டாராம். எனக்கு ஆறாத கோபம் இதில்தான். அவசரப்பட்டது செய்தவர், பழியைச் சுமந்தது பூ வைத்தவர்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கணினியின் எல்சிடி திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, போலரைஸ்டு குளிர்கண்ணாடி வழியாகப் பாருங்கள். திரை இருட்டாகும் வரை குளிர்கண்ணாடியைத் திருப்பிவிட்டு, இடையில் சாடியைப் பிடியுங்கள். நன்றாக ஆறிய தெளிவான கண்ணாடி இருட்டாகவே இருக்கும். அடியைச் சுற்றி வெளிச்சத் திட்டுகள் தெரிந்தால், சாடியை யாருக்கும் கொடுக்காதீர்கள். விரிசல் விழாதவரை, மெதுவாகச் சூடேற்றி மறுபடி ஆற்றிக்கொள்ளலாம்.

பொருந்தாத நிறக் கண்ணாடி

சரியாக மறுபடி ஆற்றியும் நிறம் சேர்த்த இடத்தில் அந்த வெளிச்சத் திட்டு மறையவில்லையா? இரண்டு கண்ணாடியும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். நிறக் கண்ணாடியோடு வரும் 96, 90, 104 போன்ற எண்கள் அது சூட்டில் விரியும் அளவைச் சொல்கின்றன. 96 என்றால், ஒரு டிகிரி கூடும்போது நீளத்தில் கோடியில் 96 பங்கு விரிகிறது. 96-ஐயும் 90-ஐயும் சேர்த்தால் எவ்வளவு நேரம் ஆற்றினாலும் பிரயோஜனமில்லை. எண் ஒன்றாக இருந்தாலும் வேறு வேறு தயாரிப்பு என்றால் முதலில் சின்னத் துண்டில் சோதித்துப் பாருங்கள்.

பன்டிக் கம்பியின் வடு

வாயைச் சீராக்கும்போது சாடியைப் பிடித்துக்கொள்ள அடியில் ஒட்டும் இரும்புக் கம்பிதான் பன்டி. அதை உடைத்து எடுத்த இடத்தில் விழும் வடுவைத் தேய்த்துவிடுங்கள். அடியின் நடுவைச் சூட்டிலேயே சற்று உள்வாங்கி அழுத்திவிட்டால் வடு மேஜையைத் தொடாது, சாடியும் ஆடாது.

கூர்மையான விளிம்பு

தண்டை அறுக்கும். நெருப்பில் காட்டி உருட்டிவிடுங்கள்.

தூரிகை நுழையாத கழுத்து

தண்டு ஊறிய தண்ணீர் உள்ளே வழுவழுப்பான படலமாகப் படியும். கழுத்து எவ்வளவு குறுகினாலும் பாட்டில் கழுவும் தூரிகைக்கு வழி விடுங்கள். இல்லாவிட்டால் வாங்கியவர் கொதிநீரை ஊற்றிக் கழுவப் பார்ப்பார். தடித்த அடி அந்தச் சூட்டைத் தாங்காது.