ஒரே வாணலியில் இறால், தொட்டுக்கொள்ள பாவ் பன்

மும்பை லோக்கல் ரயிலில் நசுங்கி வீடு வந்து சேரும் இரவுக்கு இறால்தான் கைகொடுக்கும். மார்க்கெட்டில் மீன் விற்கும் கோலி மீனவப் பெண்களிடம் வாங்கும்போதே ஓட்டை உரித்துத் தரச் சொல்லுங்கள். முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை மட்டும் வீட்டில் ஒருமுறை பார்த்து எடுத்துவிடுங்கள்.

இரண்டு பேருக்குக் கால் கிலோ. கழுவியதும் துணியில் ஒற்றி ஈரத்தை நன்றாக எடுக்க வேண்டும். விஷயமே இதில்தான் இருக்கிறது. ஈரம் நின்றால் இறால் வறுபடாது, தண்ணீர் விட்டு அவிந்துவிடும். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு பிசிறி, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் நெருக்காமல் பரப்புங்கள். ஒரு பக்கம் ஒன்றரை நிமிடம், திருப்பிப் போட்டு ஒரு நிமிடம். சாம்பல் நிறம் போய், பிறை மாதிரி வளைந்ததும் தட்டில் எடுத்துவிடுங்கள். முழுக்கச் சுருளும்வரை விட்டால் அப்புறம் மெல்ல முடியாது.

அதே வாணலியில் தட்டிய பூண்டு, கறிவேப்பிலை, வெங்காயம், ஒரு தக்காளி. எண்ணெய் பிரிந்ததும் இறாலைத் திரும்பப் போட்டு, மிளகுத்தூள் தூவி அரை நிமிடம் கிளறினால் ஆச்சு. எலுமிச்சை பிழிவது அடுப்பை அணைத்த பிறகு.

சோறு வடிக்கப் பொறுமை இல்லையா? சரி, கீழே கடையில் நாலு பாவ் வாங்கி வாருங்கள். வாணலியில் ஒட்டிய மசாலாவை வழித்துச் சாப்பிட என்னைக் கேட்டால் சோற்றைவிட அதுதான் தோது.