இங்கிலாந்தில் பழைய களஞ்சியங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

வேலூரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போகிறவர்கள் அரண்மனையையும் மணிக்கூண்டையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. கண்ணமங்கலம் பக்கம் எங்களுக்கு நிலம். மகள் ஸ்விண்டனில் இருக்கிறாள். இரண்டு முறை போனேன், இரண்டு முறையும் பழைய களஞ்சியங்களை, அதாவது கதிரை அடுக்கிவைத்து அடித்த பண்ணைக் கட்டடங்களைத் தேடித்தேடிப் பார்த்தேன். நெல் அடித்த கைக்கு அவை சட்டென்று பிடிபடும்.

முதலில் ஃபேரிங்டனுக்குப் பக்கத்தில் உள்ள கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியத்துக்குப் போங்கள். 1290-களில் சிஸ்டர்சியன் என்ற கிறிஸ்தவத் துறவிகளின் பண்ணைக்காகக் கட்டியது. இப்போது பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. நீளம் 152 அடி, அகலம் 44. உள்ளே போனதும் போனை எடுக்காதீர்கள். நீளச் சுவர்களின் நடுவே எதிரெதிராக வாசல் இருக்கும். அந்த இரண்டுக்கும் இடையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். இந்த வகைக் களஞ்சியங்களில் அந்த இடம்தான் களம். நமக்குத் தை மாதத்து வெயில் இருக்கிறது, வெட்டவெளியில் அடித்துத் தூற்றுகிறோம். அங்கே மழையும் குளிரும் விடாது. அதனால் கதிர்க்கட்டுகளை இரு பக்கமும் கூரை வரை அடுக்கிவைத்துக் குளிர்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தார்கள். இரண்டு கதவையும் திறந்துவிட்டால் ஊடுகாற்றில் பதர் பறந்துவிடும். என் அம்மா முறத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் காற்றுக்காகக் காத்து நின்றது எனக்கு அங்கேதான் நினைவுக்கு வந்தது.

அப்புறம் மரம். ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஹார்மண்ட்ஸ்வொர்த் களஞ்சியம் இருக்கிறது. 1426-ல் கட்டிய ஓக் மரச் சட்டகம், 58 மீட்டர் நீளம். எல்லா நாளும் திறப்பதில்லை, நாள் கேட்டுக்கொண்டு போங்கள். கையில் டார்ச் அவசியம். இந்த மாதிரிக் கட்டடங்களில் வெளிச்சத்தை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. மரத்தை ஒட்டிச் சாய்வாக அடியுங்கள். மூட்டுகளுக்குப் பக்கத்தில் உளியால் கீறிய ரோமன் எண்கள் தெரியவரும். தச்சர்கள் தரையில் வைத்துப் பொருத்திப் பார்த்து, எந்தக் கட்டை எதோடு சேரும் என்று குறித்துவைத்தது அது. எங்கள் ஆசாரியும் வாசக்காலைக் கழற்றும்போது இப்படித்தான் கோடு போடுவார்.

தானிய அறைகளைக் காளான் வடிவக் கற்களின்மேல் தூக்கி வைத்திருப்பார்கள், எலி ஏறாமல் இருக்க. மேற்கு சசெக்ஸில் சிங்கில்டன் கிராமத்து வீல்ட் அண்ட் டவுன்லாண்ட் அருங்காட்சியகத்தில் அப்படி ஒன்று இருக்கிறது.

மற்றவை பெரும்பாலும் தனியார் பண்ணைகள். பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களைக் குறித்துவைத்த இங்கிலாந்தின் தேசிய மரபுரிமைப் பட்டியலை (National Heritage List for England) இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஊர்ப்பெயரைப் போட்டால் கட்டடத்தின் காலமும் விவரமும் வரும். அதை வைத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் போய்க் கேளுங்கள். நான் கேட்ட ஒரு பெரியவர், "உங்கள் ஊரில் நெல்லை எப்படி அடிப்பீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார். முறத்தை நோட்டில் வரைந்து காட்டினேன். அவர் கொட்டகைக்குள் கூட்டிப்போய், கதிர் அடித்துத் தேய்ந்து வழவழத்த களத்துப் பலகையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.