தெற்கு வானில் ஈட்டா கரினேயைப் பிடிப்பது எப்படி?

லண்டன்காரர் எவ்வளவு விலை கொடுத்து டெலஸ்கோப் வாங்கினாலும் தன் வீட்டு மாடியிலிருந்து பார்க்க முடியாத நட்சத்திரம் இது. நமக்கோ ஒரு சாதாரண பைனாகுலர் போதும். தூரம் சுமார் 7,500 ஒளியாண்டு. ஒளி, சூரியனைப்போல் ஏறக்குறைய 50 லட்சம் மடங்கு. கன்னியாகுமரியில் அடிவானத்துக்கு மேல் 22 பாகை வரை ஏறும், சென்னையில் 17. டெல்லியில் தரையை உரசிவிட்டுப் போய்விடும்.

படி 1: நாளும் இடமும்

தெற்கில் இது உச்சிக்கு வரும் நேரம்: மார்ச் நடுவில் இரவு பதினொன்றேகால் வாக்கில், ஏப்ரல் நடுவில் ஒன்பதேகால், மே நடுவில் இருட்டியதுமே. அமாவாசையை ஒட்டிய நாளாகப் பாருங்கள். தெற்குப் பக்கம் மரமோ, தண்ணீர்த் தொட்டியோ, ஊர் வெளிச்சமோ இருந்தால் வேலைக்காகாது. தெற்கே கடல் இருக்கிற ஊர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

படி 2: சரியான சிலுவை

முதலில் தெற்குச் சிலுவையைக் கண்டுபிடிக்க வேண்டும். நம்மூரில் திரிசங்கு என்பார்கள். தெற்கு நோக்கி நின்றால் சற்று இடப்பக்கம், ஒருபக்கமாகச் சாய்ந்து இருக்கும். இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுவோம். வலப்பக்கம் இன்னொரு சிலுவை உண்டு. பெரியது, மங்கலானது, பெயரே போலிச் சிலுவை. முதல் தடவை நான் அதையே நிஜம் என்று நம்பி, அதற்கும் வலப்பக்கம் அரைமணி நேரம் துழாவினேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம். நிஜச் சிலுவைக்கு இடப்பக்கம், தாழ்வாக, இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் துணைக்கு நிற்கும். அவை இல்லையென்றால் அது போலி.

படி 3: முட்டிக் கணக்கு

கையை நேராக நீட்டி முட்டி பிடித்தால் அதன் அகலம் பத்து பாகை. நிஜச் சிலுவையிலிருந்து வலப்பக்கம் ஒன்றேகால் முட்டி நகருங்கள். இரண்டு சிலுவைகளுக்கும் கிட்டத்தட்ட நடு இடம். பைனாகுலரில் அங்கே பனிமூட்டம் போல ஒரு திட்டு தெரியும். அது கரினா நெபுலா, வாயுவும் தூசியும் சேர்ந்த பெரிய மேகம். அதற்குள் ஆரஞ்சு சாயலில் ஒரு புள்ளி இருக்கிறதா? அதுதான்.

படி 4: டெலஸ்கோப் இருந்தால்

நூறு மடங்குக்கு மேல் பெரிதாக்குங்கள். மற்ற நட்சத்திரங்கள் ஊசிமுனையாக இருக்கும்போது இது மட்டும் உப்பித் தெரியும். காற்று அசையாத இரவில், இரண்டு பருப்புள்ள நிலக்கடலை மாதிரி. அந்தத் தோடுதான் ஹோமுன்குலஸ் நெபுலா, நட்சத்திரம் தானே கக்கிய வாயுவும் தூசியும்.

அதன் கதை இது. 1677-இல் செயின்ட் ஹெலினா தீவில் வானியலாளர் எட்மண்ட் ஹாலி இதை நான்காம் தர நட்சத்திரமாக, அதாவது வெறுங்கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் அளவுக்கு, குறித்தார். 1837 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவிலிருந்த வானியலாளர் ஜான் ஹெர்ஷல், திடீரென்று பொங்கியதைக் கண்டார். 1843-இல் அகத்தியர் நட்சத்திரத்தையே மிஞ்சி, இரவு வானத்தின் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸுக்கு அடுத்த இடத்துக்கு வந்தது. பிறகு வெறுங்கண்ணுக்கே தெரியாத அளவு மங்கிப்போனது. அந்தக் கொந்தளிப்பில் வெளியேறிய பொருள் பத்துச் சூரியன்களின் எடைக்கும் மேல்.

ஏன் இந்தக் கொந்தளிப்பு? இவ்வளவு ஒளி உள்ளிருந்து நெட்டும்போது, அந்த நெட்டுதலே ஈர்ப்பு விசைக்குச் சமமாக நிற்கிறது. உலை கொதித்து மூடியைத் தள்ளுகிற மாதிரி. 1840-களில் மூடி தூக்கியெறியப்பட்டது எதனால் என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. உள்ளே இருப்பது ஒன்றல்ல, இரண்டு நட்சத்திரங்கள். ஐந்தரை ஆண்டுக்கொருமுறை நெருங்கி வருகின்றன.

படி 5: எழுதி வையுங்கள்

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பக்கத்து நட்சத்திரங்களில் எதைவிடப் பிரகாசம், எதைவிட மங்கல் என்று தேதியோடு ஒரு நோட்டில் குறியுங்கள். மங்கிப்போனது மெல்ல மீண்டு, பெரும்பாலும் இப்போது நான்காம் தரத்தை ஒட்டியே இருக்கிறது. ஆனால் அடுத்த சித்திரையிலும் அதே நோட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறுங்கள்.