ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் கேட்க வேண்டியவை

மனநலச் சிகிச்சைக்கோ போதை மீட்புச் சிகிச்சைக்கோ சேரும்போது நீட்டப்படும் ஒப்புதல் படிவத்தில் உடனே கையெழுத்திட வேண்டியதில்லை. மருந்தின் பயன், பக்கவிளைவு, மாற்று வழிகள், மறுத்தால் நேரக்கூடியவை ஆகியவற்றைப் புரியும் மொழியில் விளக்கச் சொல்லிக் கேட்டபின் முடிவெடுங்கள். 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 25ஆம் பிரிவு, சுதந்திரமான, விவரமறிந்த சம்மதத்தின் பேரிலேயே சிகிச்சை அமைய வேண்டும் என்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஆயினும் நெடுநாள் உட்கொண்ட சில தூக்க மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதால், மருத்துவக் கண்காணிப்பிலேயே நிறுத்துங்கள். குறை இருப்பின், தேதியும் நேரமும் குறித்து எழுத்துமூலம் புகாரளித்து நகலை வைத்துக்கொள்ளுங்கள் (வாய்மொழிப் புகார் பதிவாகாமல் போகலாம்). கட்டாயமாகச் சேர்க்கப்பட்டிருந்தால், அதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டு, மறுஆய்வு கோருங்கள். குடும்பத்தினர் உட்பட யாரிடம் உங்கள் விவரங்களைப் பகிரலாம் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.