இராமேசுவரம் போகும் வழியில் கீழடிக்கு ஒரு முழு நாள்

மதுரையிலிருந்து இராமேசுவரம் செல்லும் சாலையில் சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில், சிலைமானை அடுத்து இருக்கிறது, பழந்தமிழர் வாழ்ந்த தடயங்கள் அகழாய்வில் கிடைத்த கீழடி. வெளிநாடுகளிலிருந்து வரும் நம் குடும்பங்களில் பல, மதுரையிலேயே வண்டி பேசிக்கொண்டு வந்து, அருங்காட்சியகத்தை அவசரமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு மதுரைக்கே திரும்பிவிடுகின்றன. இப்படிப் போய்வந்தால் நுழைவுச்சீட்டோடு செலவு முடிந்துவிடும். ஊர்க்காரர் கையில் எதுவும் சேராது. இராமேசுவரம் போகும் எண்ணம் இருந்தால், வழியில் ஒரு முழு நாளை இந்த வைகைக் கரைக்கு ஒதுக்குங்கள்.

2014-இல் இந்தியத் தொல்லியல் துறை தொடங்கி, பின்னர் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை தொடர்ந்த அகழாய்வுக் குழிகளில் பெரும்பாலானவை தனியார் தென்னந்தோப்புகளில் வெட்டப்பட்டவை. நிலம் தந்தவர்களும், குழிக்குள் இறங்கி மண்ணை அள்ளியவர்களில் பலரும் சுற்றுவட்டார மக்களே. அதனால்தான், ஆட்டோவைப் பக்கத்து ஊரான திருப்புவனத்தில் பேசுங்கள், இளநீரைத் தோப்போரத்தில் குடியுங்கள், மதியம் அங்கேயே சாப்பிடுங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டின் சாயலில் கட்டப்பட்டது. அங்கே பானை ஓடுகளுக்கு முன்னால் மட்டும் நிதானமாக நில்லுங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கருப்பு சிவப்பு ஓட்டில் 'ஆதன்' என்ற பெயரைத் தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்தில் கீறியிருப்பதைப் பிள்ளைகள் ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். வீட்டில் பேசும் மொழி எவ்வளவு பழையது என்பதை அவர்களுக்கு உணர்த்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இறந்தவர்களைப் புதைத்த பெரிய பானைகளான முதுமக்கள் தாழிகள் கிடைத்த கொந்தகை அருகிலேயே உள்ளது. வடகிழக்குப் பருவமழையின்போது பொதுவாகக் குழி வெட்டுவதில்லை என்பதால், வேலை நடப்பதை நேரில் காண விரும்புவோர் மழைக்கு முந்திய மாதங்களில் வருவது நல்லது.

வயல்வரப்பில் ஓடு கிடந்தால் அதை எடுத்துப் பையில் போடாதீர்கள். 100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்வதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடைசெய்கிறது. அதைவிட முக்கியமாக, கிடந்த இடத்தை விட்டுப் பெயர்ந்த ஓடு தன் சாட்சியத்தில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது.

நினைவுப் பொருள் வேண்டுமென்றால் அதே சாலையில் மானாமதுரைக்குச் செல்லுங்கள். கச்சேரி மேடைக்குப் போகும் கடத்தை வைகைப் படுகை மண்ணில் இன்றும் தட்டித் தட்டி உருவாக்கும் குயவர்கள் அங்கே இருக்கிறார்கள். அந்த ஊர் மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பட்டறைக்கே போய் வாங்குங்கள், விலையை அடித்துப் பேசாதீர்கள். கடம் விமானத்துக்குக் கனமாகத் தோன்றினால் ஒரு சிறு அகலையோ குவளையோ வாங்கி, துணிகளுக்கு நடுவே சுற்றி வைத்துக் கொண்டுபோங்கள்.