வீட்ல எல்லாரும் உடம்ப அசைக்க எங்க ஆரம்பிக்கிறது?

முதல்ல நடைல ஆரம்பிங்க, ஜிம் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். வாரத்துக்கு கொறஞ்சது 150 நிமிஷம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதாவது 5 நாள் அரை மணி நேரம், பேச முடியணும் ஆனா பாட முடியக்கூடாது, அந்த வேகம்தான் சரி. புள்ளைங்களுக்கு தினம் 60 நிமிஷம், போன வாங்கி வச்சிட்டு தெருவுல ஓடிப்பிடிச்சு விளையாட அனுப்புங்க.

வயசானவங்களத்தான் நாம மறந்துடறோம். எங்க அம்மாவ சுவரோரமா நாற்காலி போட்டு கைய ஊனாம எந்திரிச்சு எந்திரிச்சு உக்கார வச்சேன், முதல் நாள் 4 தடவைக்கே தொடை நடுங்குச்சு, இப்ப 10 தடவ அசால்ட்டா பண்றாங்க. வாரம் 3 நாள் போதும், கால்ல பலம் வந்தா பாத்ரூம்ல தடுமாறி விழற ஆபத்து குறையும்.

சாப்பிட்ட உடனே படுக்காம 10 நிமிஷம் மெதுவா நடங்க, ரத்தத்துல ஏறுற சர்க்கரைய தசை இழுத்துக்கும். நெஞ்சு வலி, தலைசுத்தல் வந்தா மட்டும் உடனே நிறுத்திட்டு டாக்டர பாருங்க.